செம்மண் குவாரியை மூடப் போனோம்

தோண்டுகிற வேலைக்கு ஆள் ஓடி வரும், மூடுகிற வேலைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதை எனக்கு முதலில் சொன்னது என்னோடு உப்பளத்தில் வேலை செய்கிற கன்னியம்மா. மாதா கோயிலில் திருநாள் கொடி ஏற்றிய மறுநாள் காலை, பெருமுக்கல் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது சொன்னாள். "தோண்டுறவனுக்குக் கையில ஏதாச்சும் கெடைக்கும் மேரிக்கா. மூடுறவங்களுக்கு என்ன கெடைக்கும்? முன்னாடி இருந்த தரை கெடைக்கும். அதுவும் சரியா மூடினாத்தான்" என்றாள்.

நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள். உப்பு சீசன் முடிகிற நேரம். ரோடு போடுவதற்காக வருஷக்கணக்கில் செம்மண் அள்ளிய குவாரி ஒன்று ஏரி மாதிரி வாயைத் திறந்து கிடந்தது. குத்தகை முடிந்ததும் குழியை மூடி, தண்ணிக்கு வழி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாம். அந்த வேலைக்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு மேலே குமரவேல் சார் என்கிற இன்ஜினியர். நிலக்கரிச் சுரங்கத்தில் கரி எடுத்த இடத்தை மூடி, காடு வளர்த்த அனுபவம் அவருக்கு. எதைக் கேட்டாலும் "சுரங்கத்துல இப்படித்தாம்மா செய்வோம்" என்று ஆரம்பிப்பார்.

குவாரிக்குக் கீழண்டை கன்னியம்மாவின் அறுபது சென்ட் நிலமும் வீடும். குவாரி வந்ததிலிருந்து ஐப்பசி மழைத் தண்ணி போக்கிடம் தெரியாமல் அவள் நிலத்தில் புகுந்து, செம்மண் சேற்றைக் கொட்டிவிட்டுப் போகும். இரண்டு வருஷமாக அவள் ஒன்றும் விதைக்கவில்லை. குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிற மகள், இங்கேயே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "இந்த வருஷமும் செகப்புத் தண்ணி வந்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதான். மருமவன் வீட்டுல சோத்துத் தட்டைப் புடிச்சுக்கிட்டு ஒக்காரணும்" என்று சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒருத்தர் செய்துவிட்டுப் போனதை இன்னொருத்தர் சரிபண்ணுகிற வேலை எங்கேயும் உண்டு. ஆபீசில் உண்டு, ஆஸ்பத்திரியில் உண்டு, வீட்டில் தினமும் உண்டு. அந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எனக்குத்தான் பாதி இன்னும் புரியவில்லை.

போர்டு நட்ட குவியல்

குவாரிக் கரையில் மூன்று பெரிய மண் குவியல்கள். முதன்முதலில் தோண்டும்போது மேலே இருந்த நல்ல மண்ணைத் தனியாகக் குவித்து, 'மேல்மண்' என்று தகரப் போர்டு நட்டிருந்தார்கள். மற்ற இரண்டும் அடியிலிருந்து வந்த கல்லும் களியும். "கல்லு மண்ணு அடியில போவணும், மேல்மண்ணு கடைசியா மேல வரணும். மாத்திப் போட்டீங்கன்னா புல்லுகூட மொளைக்காது" என்று சார் முதல் நாளே சொன்னார். அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை நான்தான் எல்லோருக்கும் முன்னால் போனேன். போர்டு தரையில் கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும், பாவம் என்று எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, பக்கத்தில் இருந்த குவியலில் நட்டுக் கல்லால் தட்டி நிறுத்தினேன். நல்ல காரியத்தோடு நாளைத் தொடங்கினோம் என்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' கூடச் சொன்னேன். ஜேசிபி வந்தது. போர்டு இல்லாத குவியலை அள்ளிக் குழிக்குள் கொட்ட ஆரம்பித்தது. டீ நேரத்தில் கன்னியம்மா ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, "இதுல கோரைக் கெழங்கு இருக்குது, அருகம்புல்லு வேர் இருக்குது. பயிர் வெச்ச மண்ணை ஏன் அடியில கொட்டுறீங்க?" என்று கேட்டாள்.

ஜேசிபி நின்றது. சார் வந்தார். போர்டைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். யார் நட்டது என்று கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். கொட்டியதையெல்லாம் திரும்ப மேலே அள்ள ஒன்றரை நாள் ஆனது. ஜேசிபி ஓட்டுகிற ஏழுமலை மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. "எனக்கு எல்லாக் குவியலும் பக்கெட்டுக்கு ஒண்ணுதாங்க சார். போர்டைப் பார்த்து ஓட்டுன்னீங்க, பார்த்துதான் ஓட்டுனேன்" என்றான்.

மிதித்த கால்கள்

உப்பளத்தில் சீசன் தொடங்கும் முன்னால் பாத்தியை நனைத்து, வரிசையாக நின்று காலால் மிதிப்போம். தரை சிமென்ட் மாதிரி இறுகினால்தான் உப்புத் தண்ணி பூமிக்குள் இறங்காமல் நிற்கும். ஒரு மூலை ஒரு விரல் உயர்ந்திருந்தாலும் எங்கள் காலுக்குத் தெரிந்துவிடும். பாத்தியில் எங்களைக் குறை சொன்ன ஆள் இதுவரை கிடையாது.

குழியில் முதல் பாகம் நிரம்பியதும் சாருக்கு ஊரில் ஏதோ விசேஷம். "மேல்மண்ணைப் பரப்பி, நல்லா நிரவி வையுங்கம்மா, மூணு நாள்ல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பரப்பினோம். நிரவினோம். கயிறு கட்டிப் பார்த்து, கண்ணால் பார்த்து, தட்டு மாதிரி மட்டமாக்கினோம். அதற்குப் பிறகு யார் முதலில் ஆரம்பித்தது என்று சத்தியமாகத் தெரியாது. பன்னிரண்டு பேரும் இடுப்பில் கை கோத்து மிதித்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் ஒரு சாண் வரப்புகூடப் பிடித்துவிட்டோம். சார் இருந்து பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் தூறல் போட்டது. சார் வந்து கரையில் நின்றார். தண்ணி ஒரு சொட்டு இறங்காமல், ஒரு பக்கமும் நகராமல், மேகம் தெரிகிற கண்ணாடி மாதிரி நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மண் பொலபொலவென்று இருந்தால்தான் வேர் இறங்குமாம், சரிவாக இருந்தால்தான் தண்ணி ஓடுமாம். அதெல்லாம் பிறகு சொன்னார், டிராக்டரைக் கொண்டுவந்து மறுபடி உழவும் வைத்தார். அப்போது சொன்னது ஒன்றுதான். "பாத்தி ரொம்ப அழகா இருக்குதும்மா. உப்பு எப்ப வாருவீங்க?"

ஒன்று நாற்பது

அடுத்தது வாய்க்கால். மூடிய நிலத்தில் விழுகிற மழையெல்லாம் கன்னியம்மா நிலத்துப் பக்கம் போகாமல், எதிர்ப் பக்கத்து ஓடைக்குப் போய், அங்கிருந்து கழுவெளி ஏரிக்குப் போக வேண்டும். வாய்க்காலின் தலைப்பு அவள் வரப்பை ஒட்டித்தான். சார் மூன்று கால் மெஷினை நட்டு அதில் கண்ணை வைத்துக்கொள்வார். தூரத்தில் ஒருத்தி அடியிலிருந்து மேலே மீட்டர் நம்பர் போட்ட நீளமான பட்டையை நெட்டுக்குத்தலாகப் பிடிப்பாள். மெஷினில் தெரிகிற நம்பரை அவர் சத்தமாகச் சொல்ல, நான் எழுத வேண்டும். கன்னியம்மா வரப்பில் ஒன்று அறுபது. அப்புறம் ஒன்று ஐம்பத்தைந்து, ஒன்று ஐம்பது. ஓடைக்கரையில் ஒன்று நாற்பது. சாருக்கு அவசரமாக இன்னொரு சைட்டிலிருந்து போன் வந்தது. "ஓடைப் பக்கம் எறக்கமா போவணும்மா. எங்க மேடோ அங்க ஆழமா வெட்டிக்குங்க, நோட்டைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்" என்று வண்டியில் ஏறிவிட்டார்.

நோட்டைப் பார்த்தேன். ஓடைப் பக்கம் போகப் போக நம்பர் குறைந்துகொண்டே வந்தது. இறங்கித்தானே போகிறது, ஆண்டவர் தரையையே நமக்குச் சாதகமாகப் படைத்திருக்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டு, தலைப்பிலிருந்து கடைசி வரை ஒரே ஆழமாக வெட்டச் சொன்னேன். வெட்டி முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளியனூரிலிருந்து என் மகள் ஸ்டெல்லா வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மாவுக்கும் கணக்கு வரும் என்று காட்டத்தான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன், வேறொன்றும் இல்லை. அவள் பட்டை என்ன, மெஷின் எங்கே நின்றது என்றெல்லாம் கேட்டாள். ஸ்கேலை மேஜை மேலே ஒரு தரமும் தரையில் ஒரு தரமும் நிறுத்திப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, மெஷின் ஒரே ஒசரத்துல நிக்குது. தரை கீழ எறங்குனா நம்பர் ஏறணும். நீ எல்லாத்தையும் தலைகீழா எடுத்துக்கிட்டியா?"

லாரித் தண்ணி

அன்று சாயங்காலம் செபமாலை சொல்ல உட்கார்ந்தேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் மூன்று தரம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மகள் சொல்வது சரியா, நான் எழுதியது சரியா? மகள் சரி என்றால், கன்னியம்மா நிலத்துக்குத் தண்ணியைக் கொண்டுபோய் விடுவதற்கு என் வாயாலேயே சொல்லி, அவள் கையாலேயே வாய்க்கால் வெட்ட வைத்திருக்கிறேன். புரட்டாசி முடிய எட்டு நாள்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நம்பர், பட்டை, ஸ்டெல்லா, ஸ்கேல் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நம்பர் கெடக்குது. தண்ணியை உட்டுப் பார்த்தா அதுவே சொல்லிடப் போவுது. பாத்தியில நாம அப்படித்தானே பார்ப்போம்?" என்றாள். மூடின நிலத்தில் வைக்கிற மரக்கன்றுக்கு ஊற்ற வந்த தண்ணி லாரியை வாய்க்காலின் நடுவில் நிறுத்திக் குழாயைத் திறக்கச் சொன்னோம். தண்ணி நிறைந்து, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்றது. கன்னியம்மா ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டாள். துரும்பு ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் ஓடைக்கு முதுகைக் காட்டி, அவள் வரப்பைப் பார்த்து நிதானமாகப் போனது.

என் தப்புத்தான் கன்னியம்மா, நான்தான் ஒரே ஆழமா வெட்டச் சொன்னேன் என்று அப்போதுதான் நேராகச் சொன்னேன். அவள் துரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஏழாவது படிச்சவங்களாச்சேன்னு நோட்டைக் குடுத்தோம் பாரு, எங்களைச் சொல்லணும். வாங்க, வந்து வெட்டுங்க."

குழியைக் காணோம்

சாருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, "நானும் நின்னு சொல்லிட்டுப் போயிருக்கணும்மா" என்றார். ஓடைப் பக்கம் இரண்டு அடி ஆழம் இறக்க வேண்டும். ஏழுமலை ஜேசிபியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். பன்னிரண்டு பேரும் கையாலேயே வெட்டினோம், ஒன்பது நாள். மறுபடி லாரித் தண்ணி விட்டோம், துரும்பு போட்டோம். இந்தத் தரம் ஓடையைப் பார்த்துப் போனது. ஆனால் லாரித் தண்ணி வேறு, ஐப்பசி மழை வேறு.

அதற்கு மறுநாள் கனிமத் துறை ஆபீசிலிருந்து ஒருத்தர் பார்வையிட வந்தார். கையில் பைல். பைலில் பழைய போட்டோ, ஆழமான குழி, அதில் பச்சைத் தண்ணி. அவர் வயல் வரப்பெல்லாம் நடந்து திரும்பி வந்து, இங்கே ஒரு குவாரி இருந்ததே எங்கே என்று என்னைக் கேட்டார். சார், நீங்க நிக்கறதே அது மேலதான் என்றேன். சட்டென்று இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். பிறகு போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பனைமரம், ஒரு கரண்ட் கம்பம், எதுவும் அவருக்கு ஒத்து வரவில்லை. பக்கத்து ஊர்ப் பக்கம் இன்னொரு குழி திறந்து கிடக்கிறதே, அதுவாக இருக்குமோ என்று கேட்டார். அது இன்னும் மூடவில்லையே சார் என்றேன். அவர் பைலை மூடிவிட்டுச் சொன்னார். "குழியைக் காட்டுங்கம்மா. அதைப் பார்த்தாத்தானே மூடியாச்சுன்னு நான் எழுத முடியும்."

அளவு சொல்லி ஒரு செபம்

சரிவில் மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேர் நட்டோம், புல் நட்டோம். வேர் பிடிக்க மழை வேண்டும். மழை ஓங்கினால் வேர் பிடிக்காத புல்லும் மண்ணும் சேர்ந்து வாய்க்காலை அடைத்துவிடும். வாய்க்கால் அடைத்தால் கன்னியம்மா வீடு. மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மழை கொடு தாயே என்று தொடங்குவேன். உடனே, அவசரமில்லை தாயே என்று முடிப்பேன். நாலு நாளாக இதே மாதிரி. இதை வெட்டிவேர் நடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கன்னியம்மா நாற்றிலிருந்து நிமிரவே இல்லை. "உங்க மாதாவை ஏன்க்கா கொழப்புறீங்க? ரெண்டு தூத்தல், ஒரு வாரம் வெயில், அப்பறம் மழைன்னு வெவரமாக் கேளுங்க. எங்க கன்னிமாருகிட்ட நான் அப்படித்தான் கேட்டிருக்குறேன்."

தெளிந்த தண்ணி

ஐப்பசியில் கடலில் புயல் சின்னம் என்றார்கள். இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் விடிந்து மழை கொஞ்சம் விட்டதும் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் இரண்டு பை கட்டி வைத்திருந்தாள். இரண்டு பேரும் வரப்பில் ஏறினோம்.

வாய்க்கால் நிறைந்து, செம்மண் நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓடியது. அப்படியே சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் கன்னியம்மா வாய்க்காலைப் பார்க்கவில்லை. அவள் நிலத்தின் தென்மூலையில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணி நின்றது. எங்கே இருந்து வந்தது? வாய்க்கால் உடையவில்லை. வரப்பு உடையவில்லை. நான் மறுபடி எங்கேயோ தப்பு பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து, உள்ளங்கையில் தண்ணியை அள்ளிப் பார்த்தாள். கைரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

மத்தியானம் சார் மெஷினோடு வந்தார். மூடின மண்ணுக்குள் இறங்கி அடியில் ஊறி வருகிறது என்றார். அரை மணி கழித்து, இருக்காது, பழைய ஊற்றுக்கண்ணாக இருக்கும் என்றார். போகும்போது, சுரங்கத்தில் இப்படி நாங்கள் பார்த்ததில்லை என்றார். நான் நோட்டை எடுத்து எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். கன்னியம்மா அதற்குள் வீட்டுக்குள் போய், பையில் கட்டியிருந்த புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மார்கழியில் தர்பூசணி போடலாம், அந்த மூலை ஈரம் பங்குனி வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அது எங்கே இருந்து வருகிறது என்று தெரியாமல் எப்படி விதைப்பாய் என்று கேட்டேன். "செகப்பா வந்தா வெசாரிக்கலாம். தெளிஞ்சு வர்ற தண்ணியைப் போயி யாராச்சும் எந்த ஊருன்னு கேப்பாங்களா? நாளைக்குத் திண்டிவனம் போறேன், விதை வாங்க. நீங்களும் வாங்க, ஆனா நோட்டை எடுத்துட்டு வராதீங்க."

குழியை மூடத் தெரிந்த அளவுக்கு எனக்கு அதில் விழுகிற தண்ணியைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை, அதனால் மழை நாளில் பெருமுக்கல் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள், வெட்டிவேர் வரிசை தெரிகிற இடத்தில் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்து, வாய்க்கால் ஓடைப் பக்கம்தான் ஓடுகிறதா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.